சட்டை தைத்த நாளும் மலையேறிய நாளும்: கிராஸ்மியர் பள்ளத்தாக்கில் அன்றாடமும் இயற்கை உலாவும்

1. கேள்வி

டோரதி வேர்ட்ஸ்வொர்த்தின் நாட்குறிப்புகள் 1897இல் இரண்டு தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தன. பதிப்பாசிரியர் வில்லியம் நைட், கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் எழுத்துகளைத் தேடித் தொகுப்பதில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர். கவிஞரின் தங்கை எழுதிய நாட்குறிப்பை அச்சுக்குக் கொண்டுவந்தபோது அதிலிருந்து பலவற்றை அவர் நீக்கினார். நீக்கியதை மறைக்கவும் இல்லை. அண்ணனின் சட்டைகளைத் தைத்தது, அவர் சுள்ளி பொறுக்கியது, தான் முட்டை தேடிப் போனது என்று டோரதி எழுதிய இடங்களையெல்லாம் அச்சிடத் தேவையில்லை என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். ஏரியும் மலையும் பூவும் நிலவொளியும் நின்றன. சட்டையும் சுள்ளியும் முட்டையும் போயின.

நைட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர் பலரும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவருடைய கத்தரி எந்தக் கோட்டின் மேல் ஓடியது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மலைப் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களின் அன்றாட வேலை ஒரு பக்கம், இயற்கையைக் காண அவர்கள் வெளியே போவது மறுபக்கம் என்று இரண்டு தனி வாழ்க்கைகள் இருப்பதாக அவர் கொண்டார். இந்தக் கோடு கிராஸ்மியரில் உண்மையில் இருந்ததா? இருந்தது என்றால் யாருக்கு இருந்தது? கட்டுரை ஆராயும் கேள்வி இதுவே. முதன்மைச் சான்று, 1800 மே 14 முதல் 1803 ஜனவரி வரை டோரதி எழுதிய கிராஸ்மியர் நாட்குறிப்பு. நான்கு குறிப்பேடுகள் எஞ்சியுள்ளன. 1800 டிசம்பர் பிற்பகுதியிலிருந்து 1801 அக்டோபர் வரைக்குமான பகுதி கிடைக்கவில்லை.

2. வெளியிலிருந்து பார்த்த கண்கள்

கிராஸ்மியர் இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரிப் பகுதியின் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் ஹெல்ம் கிராக், சில்வர் ஹவ், ஃபேர்ஃபீல்டு என்னும் மலைகள். நடுவே ஏறக்குறைய ஒரு மைல் நீளமுள்ள ஏரி. ராதே ஆறு அதற்குள் இறங்கி, வெளியேறி, அடுத்திருக்கும் ரைடல் ஏரிக்குப் போகிறது. வடக்கே டன்மெயில் ரெய்ஸ் என்னும் கணவாய் கெஸ்விக் ஊருக்கு வழிவிடுகிறது.

கவிஞர் தாமஸ் கிரே 1769 அக்டோபரில் அந்தக் கணவாய் வழியாக வந்து இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். யாரும் எதிர்பாராத ஒரு சிறு சொர்க்கம் என்று எழுதினார். பெரிய மனிதர்களின் பகட்டான மாளிகை எதுவும் கண்ணை உறுத்தவில்லை என்பது அவருடைய மகிழ்ச்சி. அவர் இறந்த பிறகு 1775இல் அந்தப் பயணக் குறிப்பு அச்சானது. 1778இல் தாமஸ் வெஸ்ட்டின் வழிகாட்டி நூல் வந்தது. எந்த இடத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தால் காட்சி ஓவியம்போல் அமையும் என்று அது இடம் குறித்துச் சொன்னது. சிலர் கருநிறம் பூசிய சிறு குவியாடியைக் கையில் எடுத்து வந்தார்கள். மலைக்கு முதுகைக் காட்டி நின்று, ஆடிக்குள் விழும் மலையை ரசித்தார்கள். 1793இல் பிரான்சுடன் போர் மூண்டு ஐரோப்பியப் பயணம் தடைபட்டபின் வசதியுள்ள ஆங்கிலேயர் இன்னும் பெருவாரியாக இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அண்ணனும் தங்கையும் 1799 டிசம்பர் 20 அன்று இங்கே குடிவந்தபோது இந்தப் பார்வை ஊன்றி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் குடியேறிய வீடு முன்பு ஒரு சத்திரம். இன்று டவ் காட்டேஜ் என்று உலகம் அறிந்த பெயர் அவர்கள் காலத்துக்குப் பின் வந்தது. அவர்கள் வெறுமனே டவுன் எண்ட் என்றுதான் எழுதினார்கள். 1800 ஜூனில் ஒரு நாள், தோட்டத்துச் சுவர்மேல் அவர்கள் அமர்ந்திருந்தபோது குலச்சின்னம் பொறித்த கோச்சு வண்டி ஒன்று கடந்துபோனது. உள்ளே இருந்த பெண்கள் வீட்டையும் தோட்டத்தையும் ஆர்வத்தோடு பார்த்தார்கள். அவர்கள் சுற்றுலா வந்தவர்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது என்று டோரதி குறித்திருக்கிறார். ஒரே இடத்தை ஒருவர் கடந்துபோகிறார், மற்றவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருப்பவரும் அங்கே வந்து ஆறு மாதமே ஆனவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

3. நாட்குறிப்பு காட்டும் நடை

வேர்ட்ஸ்வொர்த் வாழ்நாளில் 1,75,000 மைலுக்குக் குறையாமல் நடந்திருப்பார் என்று எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி கணக்கிட்டார். வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் இந்த எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். டோரதியின் நடையைப் பற்றி இப்படி ஓர் எண் கிடையாது. அவருடைய நடைக்கு இருந்த காரணங்கள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. அந்தக் காரணங்கள்தான் நமக்கு வேண்டும்.

ஆனி வாலஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வு, நடையின் பொருள் மாறியதைப் போக்குவரத்து மாற்றத்தோடு இணைக்கிறது. வண்டியில் போகும் வசதி பெருகப் பெருக, நடப்பது ஏழையின் கட்டாயம் என்ற நிலை தளர்ந்து, விரும்பித் தேர்ந்தெடுக்கும் செயலாயிற்று. வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை அப்படித் தேர்ந்த நடைக்கு, உழவுக்கு முன்பிருந்த பண்பாட்டு மதிப்பைக் கொடுத்தது என்பது அவர் வாதம். பெரும்பாலும் இதை ஏற்கிறேன். ஆனால் கட்டாயம், விருப்பம் என்ற இரண்டு பெட்டிகளில் டோரதியின் நடை அடங்க மறுக்கிறது.

கிராஸ்மியருக்கு வருவதற்கு முன்பே இதற்குச் சான்று இருக்கிறது. 1794 வசந்த காலத்தில் அண்ணனோடு கெண்டலிலிருந்து கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக்குக்கு நடந்துபோனார் டோரதி. இளம்பெண் இப்படிக் கால்நடையாக ஊர் சுற்றுவது தகுமா என்று அவருடைய மாமி, தாய்மாமன் மனைவி, கண்டித்துக் கடிதம் எழுதினார். டோரதியின் பதிலில் இரண்டு செய்திகள் ஒரே மூச்சில் வருகின்றன. வண்டியில் உட்கார்ந்து போவதைவிட நடந்ததில் அளவற்ற இன்பம் கிடைத்தது என்பது ஒன்று. வண்டிக் கூலி முப்பது ஷில்லிங்காவது மிச்சமானது என்பது இன்னொன்று. இன்பத்தை முதலில் சொன்னதால் காசு பொய்யாகிவிடாது. காசைச் சொன்னதால் இன்பமும் குறைந்துவிடாது.

கிராஸ்மியரில் இந்த இரட்டைக் கணக்கு நாள்தோறும் நடக்கிறது. கடிதம் வாங்க ஆம்பிள்சைடு வரை போக வேண்டும். போக மூன்றரை மைல், வர மூன்றரை மைல். பல நாள் கடிதம் வந்திருக்காது. அந்த ஏமாற்றத்தோடு திரும்பும் வழியில்தான் ரைடல் ஏரியின் மேல் ஒளி எப்படி விழுந்தது என்ற வரி பிறக்கிறது. 1800 மே 16 அன்று பாசி சேகரிக்கக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வழியில் காட்டுச் செடிகளைப் பறிக்கிறார். செடியின் பெயர் தெரியாமல், தாவரவியல் நூல் ஒன்று கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார். பின்னர் விதரிங்கின் பிரிட்டிஷ் தாவர நூலை வாங்கி அதன் ஓரங்களில் குறிப்பும் எழுதினார்கள். மலையிலிருந்து வேரோடு பெயர்த்த செடிகள் வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டன. அதே தோட்டத்தில் பட்டாணியும் பீன்சும் டர்னிப்பும் வளர்ந்தன. உலா போனதா, வேலைக்குப் போனதா என்று கேட்டால் இந்தக் குறிப்புகளுக்குள் பதில் இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியே அங்கு எழவில்லை.

இங்கே ஒரு நாளை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1800 செப்டம்பர் 3, புதன்கிழமை. வில்லியம், தம்பி ஜான், நண்பர் கோல்ரிட்ஜ் ஆகியோர் காலை உணவுக்குப் பின் ஹெல்வெலின் மலையேறக் கிளம்புகிறார்கள். 950 மீட்டர் உயரம். இங்கிலாந்தின் பெரிய மலைகளில் ஒன்று. டோரதி சற்றுத் தூரம் அவர்களோடு நடந்துவிட்டு வீடு திரும்புகிறார். பிற்பகல் மூன்றரை வரை துணிகளுக்கு இஸ்திரி போடுகிறார். நல்ல வெயில். பிறகு பக்கத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போகிறார். இறந்தவர் ஊர்ச் செலவில் அடக்கம் செய்யப்படும் ஓர் ஏழைப் பெண். பத்து ஆண்களும் நான்கு பெண்களும் வந்திருக்கிறார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஏல் மதுவும் கொடுக்கப்படுகின்றன. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெயிலில் பள்ளத்தாக்கு தெய்விகமான அழகோடு கிடந்தது என்று எழுதுகிறார். அந்த அழகு கொஞ்சமும் குறையவில்லை. அந்த மரணத்தை அது மறைக்கவும் இல்லை. இங்கே இயற்கையைக் காண அவர் வெளியே போகவில்லை. ஒரு கடமைக்காகப் போனார். பார்த்தது, ஹெல்வெலின் உச்சியில் நின்றவர்கள் பார்த்ததற்கு ஒரு துளியும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இலக்கிய வரலாறு அன்று மலையேறியவர்களைத்தான் நெடுங்காலம் பின்தொடர்ந்தது.

4. கவிதைக்குள் வந்ததும் வராததும்

நம் ஊரில் ஆங்கிலப் பாடம் படித்த பலருக்கு வேர்ட்ஸ்வொர்த் என்றால் டாஃபடில் பூக்கள்தான். பாடத்தை நடத்தியவரும் படித்தவரும் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தும் தனியே திரிந்த ஒருவர் எதிர்பாராமல் ஏரிக்கரையில் பூக்களைக் கண்டார் என்ற காட்சி மனத்தில் பதிந்திருக்கிறது. நாட்குறிப்பின்படி நடந்தது வேறு. 1802 ஏப்ரல் 15. அடிமை வாணிபத்தை ஒழிக்கப் போராடிய தாமஸ் கிளார்க்சனின் வீடு அல்ஸ்வாட்டர் ஏரியருகே இருந்தது. அங்கே தங்கியிருந்துவிட்டு அண்ணனும் தங்கையும் பகல் உணவுக்குப் பின் கால்நடையாகத் திரும்புகிறார்கள். காற்று மூச்சை அடைக்கும் அளவுக்கு வீசுகிறது. கோபரோ பார்க்கைத் தாண்டியதும் முதலில் சில பூக்கள், போகப் போக ஏரிக்கரை முழுவதும் பூக்கள். பிறகு மழை. இரவு சத்திரத்தில் தங்கி நனைந்த துணிகளைக் களைந்து, பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, சூடான ரம்மும் வெந்நீரும் குடித்து, அங்கே கிடந்த பழைய புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். மறுநாள் கிளம்பும்போது கொடுத்த தொகை ஏழு ஷில்லிங் என்பதுவரை டோரதி எழுதியிருக்கிறார்.

கவிதை 1804இல் எழுதப்பட்டு 1807இல் அச்சானது. அதில் தங்கை இல்லை, புயற்காற்று இல்லை, ஏழு ஷில்லிங்கும் இல்லை. கவிதை நாட்குறிப்பைப் போல இருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் தனிமையில் இயற்கையைச் சந்திப்பதே மலைநாட்டு அனுபவத்தின் உச்சம் என்ற நம்பிக்கை இந்தக் கவிதையிலிருந்து உலகெங்கும் பரவியது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமான நாளில் தனிமை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அட்டை பிடிக்கும் கிழவரின் கதை இன்னும் கனமானது. 1800 இலையுதிர் காலத்தில் இருவரும் வீட்டுக்கு அருகே சாலையில் அவரைச் சந்தித்தார்கள். முதுகு கிட்டத்தட்ட இரண்டாக வளைந்திருந்தது. அவருக்குப் பத்துப் பிள்ளைகள். ஒரு மகனைத் தவிர யாரும் உயிரோடில்லை. அவனும் கடலோடி, பல ஆண்டுகளாகச் செய்தி இல்லை. மருத்துவர்கள் இரத்தம் எடுக்கப் பயன்படுத்தும் அட்டைகளைக் குளங்களில் பிடித்து விற்பது அவர் தொழில். வண்டி ஏறியதில் உடம்பு நொறுங்கிப்போன பிறகு அந்தத் தொழிலையும் செய்ய முடியவில்லை. பிச்சை எடுத்துக்கொண்டு, விற்பதற்குச் சில புத்தகங்கள் வாங்கக் கார்லைலுக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங், இப்போது முப்பது ஷில்லிங் என்றார். அளவுக்கு மீறிப் பிடித்ததாலும், அவை மெதுவாகவே வளர்வதாலும், அந்த ஆண்டு வறட்சியாலும் கிடைப்பது அரிதாகிவிட்டது என்றார்.

1802இல் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையில் இந்தக் கிழவர் ஆளரவமற்ற மலைவெளியில் ஒரு குளக்கரையில் தன்னந்தனியாக நிற்கிறார். அட்டை பிடித்துக்கொண்டே இருக்கிறார். அட்டை அரிதானதைக் கவிதையும் சொல்கிறது. ஆனால் விலை இல்லை, வண்டி விபத்து இல்லை, பிச்சையும் இல்லை. கிழவரின் மன உறுதி கவிஞரின் சோர்வைத் தேற்றுகிறது. கவிதையின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு சூழலியல் செய்தி டோரதியின் குறிப்பில்தான் முழுமையாக நிற்கிறது. ஓர் உயிரினம் சந்தைக்காக அழிக்கப்படுகிறது, அதனால் ஓர் ஏழையின் பிழைப்பு முறிகிறது, எஞ்சியதன் விலை பன்னிரண்டு மடங்காகிறது. ஜொனாதன் பேட் 1991இல் வேர்ட்ஸ்வொர்த்தைப் பசுமைச் சிந்தனையின் முன்னோடியாக வாசித்தார். அந்த வாசிப்பைத் தொடங்க டோரதியின் இந்த ஒரு பத்தியே போதுமானது என்பேன்.

இந்தப் பத்திகளைக் கவிதைக்கான கச்சாப் பொருள் என்று மட்டும் பார்ப்பது பழைய வழக்கம். 1802 மார்ச் 13 அன்று, தான் முன்பு எழுதிவைத்த ஒரு பிச்சைக்காரச் சிறுவனைப் பற்றிய குறிப்பை டோரதி அண்ணனுக்குப் படித்துக் காட்டினார். அந்தச் சொற்களிலிருந்து அண்ணனால் விடுபட முடியாமல் கவிதை தடைபட்டது என்று அன்றே பதிந்திருக்கிறார். கச்சாப் பொருளுக்கு இந்த வலிமை இருக்காது. தந்தைவழிக் கவிதை மரபு டோரதிக்குக் கவிஞர் என்ற தன்னிலையை மறுத்தது என்று மார்கரெட் ஹோமன்ஸ் 1980இல் எழுதினார். சூசன் லெவின் 1987இல், தன்னை முன்னிறுத்தாமல் சுற்றியிருப்போரோடு பிணைந்து எழுதுவதே அவருடைய தனி வழி என்று கண்டார். இரண்டாவது கருத்துக்கே நாட்குறிப்பு அதிகம் இடம் தருகிறது.

5. பெக்கி ஆஷ்பர்னரின் குன்று

இதுவரை சொன்னவை எல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்து வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பதிவு. பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த உழவர் வீட்டுப் பெண்ணுக்கு இயற்கை உலா என்று ஒன்று இருந்ததா?

1801 நவம்பர் 24 அன்று எழுதிய குறிப்பில் விடை கிடைக்கிறது. இந்த நாள் தொகுப்பாளர்களுக்கு மிகவும் பிடித்த நாள். அன்று நடந்துகொண்டிருக்கும்போது, காற்றிலும் வெயிலிலும் ஒளிர்ந்து அசைந்த ஒரு பிர்ச் மரத்தைக் கண்டு டோரதியும் உடன் நடந்தவர்களும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நீரின் ஆவியே மரமாய் நின்றதுபோல் டோரதி அதைத் தீட்டுகிறார். அந்தப் பத்தி பல தொகுப்புகளில் இடம்பெற்றுவிட்டது. அதே நாளின் பிற்பகுதியை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. வீட்டில் சமைத்த வாத்துக் கறியில் கொஞ்சம் அண்டை வீட்டு பெக்கி ஆஷ்பர்னருக்குப் போயிருந்தது. பதிலுக்குத் தேன் வந்தது, கூடவே ஆயிரம் நன்றியும். இவ்வளவு நன்றி வேண்டாம் என்று சொல்லப் போன டோரதி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் தாமஸ் நிலத்தை விற்றுவிட்ட கதையை பெக்கி சொன்னார். வரியும் கடன் வட்டியும் கட்டக் குடும்பம் முழுவதும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கம்பளி நூல் நூற்றது. தாமஸ் கம்பளியைச் சிக்கெடுத்துக் கொடுத்தார். நூறு பவுண்டு வரை அடைத்தார்கள். அப்படியும் நிலம் கைவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு பெக்கி சொன்னதுதான் முக்கியம். ஆடுமாடுகளைக் கீழே ஓட்டி வரும்போதெல்லாம் தனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்றார். உடம்புக்கு முடியாதபோது வெளியே போய் ஒரு குன்றின்மேல் நின்று, வயல்களையும் அதில் நிற்கும் தன் கால்நடைகளையும் பார்ப்பாராம். அது கொடுத்த நலத்தைச் சொல்லி மாளாது என்றார்.

உடல்நலத்துக்காகக் குன்றேறிக் காட்சியைப் பார்ப்பது பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் கண்டுபிடித்த பழக்கம் என்று சொல்லும் வரலாறுகள் இந்த ஒரு வாக்குமூலத்துக்கு முன் நிற்க முடியாது. பெக்கியும் உலா போனார். அவர் பார்த்ததும் இதே பள்ளத்தாக்குதான். வேறுபாடு ஒன்று இருந்தது: அந்தக் காட்சியில் அவருடைய ஆடுகள் நின்றன. நிலம் விற்றுப்போன பிறகு குன்று அங்கேதான் இருக்கிறது, மேலே ஏற வழியும் இருக்கிறது. பார்ப்பதற்கு அவருக்குரியது எதுவும் இல்லை.

இன்னொரு அண்டை வீட்டுக்காரரான ஜான் ஃபிஷர் 1800 மே மாதத்திலேயே இதை வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தார். சிறு நிலம் வைத்திருப்பவர்கள் விற்கும்படி ஆகிறது, நிலமெல்லாம் ஒரே கைக்குப் போகிறது, இனிப் பெரும் பணக்காரன், பரம ஏழை என்று இரண்டே வகைதான் மிஞ்சும் என்பது அவர் கணிப்பு. இந்தச் சிறு நில உடைமையாளர்களை அந்த வட்டாரத்தில் ஸ்டேட்ஸ்மென் என்பார்கள். ஆலைகள் வந்து வீட்டு நூற்பு விழுந்ததும் அவர்களுடைய நிலம் கைமாறத் தொடங்கியது என்பதை வில்லியமும் தம் ஏரிப்பகுதி வழிகாட்டி நூலில் எழுதியிருக்கிறார்.

உள்ளூர் மக்களுக்கு மலை என்பது எப்போதும் இன்பக் காட்சியும் இல்லை. 1808 மார்ச் 19 அன்று ஈஸ்டேலைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீனும் சாரா கிரீனும் மலைக்கு அந்தப் பக்கம் லாங்டேலில் நடந்த ஓர் ஏலத்துக்குப் போய்விட்டு, மாலையில் மலைமேல் குறுக்கு வழியாகத் திரும்பினார்கள். பனியில் வழிதவறி இருவரும் இறந்தார்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் தனியே காத்திருந்தார்கள். டோரதி அந்தக் குடும்பத்தின் கதையை எழுதினார், நிதி திரட்டவும் உதவினார். அச்சிடச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தியபோது மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் ஊரார் கண்ணுக்குக் காட்சிப்பொருள் ஆகிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த நூல் வெளிவந்தது 1936இல். பள்ளத்தாக்கைக் காட்சியாக்கும் எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்து நின்ற ஓர் எழுத்தாளரின் செயலாக இதைக் கருதுகிறேன்.

6. ஓர் எதிர்வாதம்

அன்றாடமும் உலாவும் ஒன்றாய் இழைந்த வாழ்க்கை என்று டவுன் எண்ட் வீட்டைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் அது பாதி உண்மை. அந்த இழைவுக்கு வெளியிலிருந்து ஆதரவு வந்தது. ரெய்ஸ்லி கால்வர்ட் என்ற நண்பர் 1795இல் இறந்தபோது வில்லியமுக்கு 900 பவுண்டு விட்டுச்சென்றார். கூலிக்குப் போகாமல் கவிதை எழுத அது வழிசெய்தது. தம்பி ஜான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய கப்பல்களில் வேலை பார்த்தவர். அவருடைய கடல் வாணிபத்தில் அண்ணனும் தங்கையும் பணம் போட்டிருந்தார்கள். 1805 பிப்ரவரி 5 அன்று அவர் தலைமையில் வங்காளத்துக்கும் சீனாவுக்கும் கிளம்பிய ‘ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி’ கப்பல் இங்கிலாந்தின் தென்கரையருகே மூழ்கி அவரும் மாண்டார். கிராஸ்மியரின் எளிய வாழ்வை இந்தியாவோடும் சீனாவோடும் நடந்த வாணிபத்திலிருந்து முழுதாகப் பிரித்துப் பேச முடியாது.

வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். மாலி ஃபிஷர் என்ற அறுபது வயது மூதாட்டி நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் வந்து அடுப்பு மூட்டிப் பாத்திரம் கழுவினார். கூலி வாரம் இரண்டு ஷில்லிங். சத்திரத்தில் ஒரே இரவுக்குக் கொடுத்த ஏழு ஷில்லிங், மாலியின் மூன்றரை வாரக் கூலி. டோரதி ரொட்டி சுட்டார், துணி துவைத்தார், தைத்தார், தோட்டம் கொத்தினார், கவிதைகளைப் படியெடுத்தார். அவர் உழைப்பில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் நடக்கக் கிடைத்த மாலை நேரங்களில் ஒரு பகுதி மாலியின் கையிலிருந்து வந்தது. மாலிக்கு மலையைப் பற்றி என்ன தோன்றியது என்பதை அவர் கையெழுத்தில் நாம் படிக்க வழியில்லை.

ஆகவே கோடு இருந்தது. நைட் போட்ட இடத்தில் இல்லை. வேலைக்கும் உலாவுக்கும் நடுவே ஓடாமல், நேரமும் நிலமும் எழுத்தும் உடையவர்களுக்கும் அவை இல்லாதவர்களுக்கும் நடுவே ஓடியது. சட்டையையும் சுள்ளியையும் வெட்டியெறிந்தபோது இந்த உண்மையான கோட்டைப் பார்ப்பதற்கான தடயங்களும் சேர்ந்து போயின.

7. காட்சி யாருடையது

1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை போடும் திட்டம் வந்தது. எழுபத்து நான்கு வயது வேர்ட்ஸ்வொர்த் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் எதிர்த்து எழுதினார். மலைக்காட்சியை ரசிக்கும் சுவை பிறவியில் வருவதில்லை, மெல்ல மெல்லப் பண்படுத்திப் பெற வேண்டியது. ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவதால் அவர்களுக்குப் பயன் இல்லை. தங்கள் ஊரருகே வயல்வெளியில் நடந்தாலே போதும் என்பது வாதத்தின் சாரம். பள்ளத்தாக்கின் அமைதியைக் காக்க அவர் பட்ட கவலை நியாயமானது. இன்று எந்த மலை வாசஸ்தலத்தின் சாலை நெரிசலைப் பார்த்தவரும் அதைப் புரிந்துகொள்வார். ஆனால் உழைப்பவருக்கு அந்தச் சுவை இராது என்ற அடிப்படை பிழையானது. அதற்கு மறுப்பு, நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் தங்கை எழுதிய பெக்கியின் வார்த்தைகளில் இருந்தது. ரயில் 1847இல் விண்டர்மியர் வந்து, கிராஸ்மியருக்கு முன்பே நின்றுவிட்டது.

வேர்ட்ஸ்வொர்த்தின் வழிகாட்டி நூலுக்கே இன்னொரு முகம் உண்டு. காணும் கண்ணும் துய்க்கும் நெஞ்சும் உடைய ஒவ்வொருவருக்கும் உரிமையுள்ள நாட்டுச் சொத்து இந்த ஏரிப் பகுதி என்று அதில் எழுதியவரும் அவர்தான். 1895இல் நேஷனல் டிரஸ்ட் தொடங்கப்பட்டதற்கும், 1951இல் ஏரிப் பகுதி தேசியப் பூங்கா ஆனதற்கும் அந்தக் கருத்து உரமிட்டது. அந்த நூலின் 1822 பதிப்பில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்கேஃபெல் பைக்கின் மேல் ஏறிய விவரணை ஒன்று சேர்ந்தது. 1818 அக்டோபர் 7 அன்று தோழி மேரி பார்க்கரோடும் ஓர் இடையரின் வழிகாட்டலோடும் அங்கே ஏறி, கடிதமாக அதை எழுதியவர் டோரதி. நூலில் அவர் பெயர் இல்லை.

2017இல் யுனெஸ்கோ இப்பகுதியைப் பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையில் உலக மரபிடமாக அறிவித்தது. மேய்ச்சலும் வேளாண்மையும் கலையும் சேர்ந்து உருவாக்கிய நிலம் என்ற ஏற்பு அதில் அடங்கியிருக்கிறது. டோரதியின் ஒவ்வொரு நாள் பதிவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டது.

நைட்டின் கத்தரிக்குப் பிறகு 1941இல் டி செலின்கோர்ட், 1958இல் ஹெலன் டார்பிஷயர், 1971இல் மேரி மூர்மன், 1991இல் பமெலா வூஃப் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்துப் படிகளுக்குத் திரும்பிப் போனார்கள். விரிவான குறிப்புகளோடு முழு நாட்குறிப்பு இன்று யாருக்கும் கிடைக்கிறது. நம் பாடநூல்களோ இன்னும் பூக்களோடு நிற்கின்றன. டாஃபடில் கவிதையை மாணவர் முன் வைக்கும் ஆசிரியர்களும் பாடத்திட்டக் குழுக்களும் அதன் பக்கத்தில் 1802 ஏப்ரல் 15ஆம் நாள் குறிப்பையும், 1801 நவம்பர் 24ஆம் நாள் குறிப்பையும், ஒரு வரிகூட வெட்டாமல் தமிழில் பெயர்த்து வைக்க வேண்டும்.